மொகல்சராயில் தங்கிக் காசி கண்டோம்

வடநாட்டில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் மொகல்சராய் நிலையத்தை அறியாதிருக்க முடியாது. ஆனால் அறிந்த விதம் எத்தகையது? நள்ளிரவில் தேநீர் விற்பவரின் குரல் கேட்டு விழித்து, "எந்த ஊர்?" என்று வினவி, மறுபடியும் போர்வைக்குள் புகுந்த விதமே பெரும்பாலும். 2018 முதல் அந்நிலையத்தின் பெயர் பண்டித தீனதயாள் உபாத்தியாயா சந்திப்பு. பயணச் சீட்டில் அப்பெயரையே காண்பீர்கள். மக்கள் வாயில் இன்னும் மொகல்சராய்தான். நாங்களும் அவ்வாறே எழுதுகிறோம்.

சென்ற பங்குனியில் எங்கள் தந்தையாரின் திதியைக் காசியில் செய்ய வேண்டும் என்று அன்னையார் விரும்பினார்கள். பிரயாகை, காசி, கயை மூன்றையும் முடிக்க வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் ஆசை. வயது எழுபதைக் கடந்துவிட்டது. முழங்கால் வலி வேறு. இனித் தள்ளிப்போட வழியில்லை. எங்களிடம் ரயில்வே பாஸ் இருந்தது. பணம்தான் அளவாக இருந்தது. 2021 டிசம்பரில் விசுவநாதர் ஆலய வளாகம் விரிவாக்கித் திறக்கப்பட்ட பின் காசியில் கூட்டம் மிகுந்துவிட்டது. விடுதி வாடகையும் அதனோடு ஏறிவிட்டது. விசாரித்துப் பார்த்ததில், எங்கள் கையிருப்புக்குக் காசியில் இரண்டு இரவுகளே தங்க இயலும் என்று தெரிந்தது. இரண்டே நாளில் மூதாட்டியை அங்குமிங்கும் ஓட்டுவது யாத்திரை ஆகாது. மொகல்சராயிலோ, காசியின் ஓரிரவு வாடகையில் இரண்டு இரவு தங்கிச் சிறிது மிச்சமும் பிடிக்கலாம். காசிக்கும் அதற்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய 17 கிலோமீட்டர்தான்.

அன்னையார் உடனே இசையவில்லை. "காசிக்குப் போய்க் காசியில் படுக்காமல் வருவதா, அப்பா? அக்கரையில் உயிர் போனால் கழுதைப் பிறவி என்பார்களே!" என்றார்கள். காசியை விட்டு விலக்கப்பட்ட வியாசர் கங்கையின் கீழ்க்கரையில் வேறொரு காசியை அமைக்க முயன்றார் என்பதும், அங்கே இறப்போர் கழுதையாய்ப் பிறப்பர் என்பதும் புராணக் கதை. மொகல்சராயிலிருந்து காசிக்குச் செல்லும் பாதையில் வியாஸ்நகர் என்றே ஒரு சிறு நிலையம் இருக்கிறது. எங்கள் வண்டியைப் பாலத்துக்கு முன் சிக்னலில் நெடுநேரம் நிறுத்தியபோது, "இங்கேயா நிற்க வேண்டும்?" என்று அன்னையார் கேட்க, எதிரே அமர்ந்திருந்த கயைவாசி ஒருவர் பொருள் தெரியாமலே சிரித்தார்.

பாலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1887-இல் டஃபரின் பாலம் என்ற பெயரில் திறக்கப்பட்டு, 1948-இல் மாளவியாவின் பெயரைப் பெற்றது. கீழ்த்தட்டில் இரயில், மேல்தட்டில் சாலை. கங்கை காசியில் வடக்கு நோக்கிப் பாய்கிறாள். படித்துறைகள் யாவும் மேற்குக் கரையில் கிழக்கு நோக்கிப் பிறைபோல் வளைந்து நிற்கின்றன. ஆகையால் காலையில் கிழக்கேயிருந்து வருவோருக்கு ஞாயிறு முதுகுப்புறம் இருக்கிறது. எண்பதுக்கும் மேற்பட்ட படித்துறைகளின் வரிசை வெயிலில் பொன்னாகத் தெரிகிறது. மொகல்சராயிலிருந்து செல்வோர் இடப்புறச் சன்னலைப் பிடிக்க வேண்டும். இரும்புச் சட்டங்களின் இடையே ஓரிரு நிமிடம் கிடைக்கும் அக்காட்சியை, காசியில் உயர்ந்த வாடகை கொடுத்துத் தங்குவோர் தம் விடுதிச் சன்னலிலிருந்து பார்க்க இயலாது. அன்னையார் கைகூப்பியதும் அங்கேதான்.

பாலம் முடிந்தவுடன் காசி நிலையம். எல்லா வண்டிகளும் இங்கு நிற்பதில்லை; நிற்கும் வண்டியைப் பார்த்து ஏறுவது நலம். வாரணாசி சந்திப்பில் இறங்கினால் நெரிசலான தெருக்களைக் கடந்து கங்கைக்கு வரவேண்டும். காசி நிலையத்திலோ ராஜ்காட் துறை அருகிலேயே இருக்கிறது. அங்கிருந்து படகில் தென்திசை நோக்கிச் செல்லலாம். முழங்கால் வலி உள்ளோர்க்குப் படகே உகந்தது. குமரகுருபரர் மடம் உள்ள கேதார கட்டமும், பாரதியார் இளமையில் வாழ்ந்த அனுமான் கட்டமும் இந்த வழியில்தான். இன்னொரு செய்தி: 1939-40-இல் இந்நிலையத்தை விரிவாக்க மண்ணைத் தோண்டியபோதுதான் பண்டைக் காசியின் எச்சங்கள் வெளிப்பட்டன. இரயில்வேக்காரர் மண்வெட்டிக்கும் சரித்திரத்தில் இடமுண்டு!

மாலையில்தான் இழப்பு. தசாசுவமேத கட்டத்தில் ஆரத்தி முடிந்து கூட்டம் கலையும் வேளையில் நாங்கள் வண்டியை எண்ணிப் பரபரக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் வண்டி தவறவே, பாலத்தின் மேல்தட்டுச் சாலை வழியே ஆட்டோவில் திரும்பினோம். இதை முன்பே எதிர்பார்த்துப் பணம் ஒதுக்கி வைக்க வேண்டும்.

திதிக்கு முதல் நாள் இரவு மட்டும் காசியிலேயே தமிழர் சத்திரம் ஒன்றில் தங்கினோம். அன்னையாரின் மனக்குறையைத் தீர்ப்பது ஒரு காரணம். மற்றொன்றை இரயில்வேயில் ஊதியம் பெறும் நாங்களே சொல்கிறோம்: குறித்த நேரத்தில் செய்தேயாக வேண்டிய கடமைக்கு, அன்று காலை வண்டியை நம்பிப் புறப்படலாகாது. மார்கழி, தை மாதங்களில் மூடுபனி வண்டிகளை மணிக்கணக்கில் நிறுத்திவிடும். பனியில்லாத பங்குனியிலும் பாலத்தின் இருபுறமும் வண்டிகள் காத்து நிற்கின்றன. 2024-இல் ஒன்றிய அமைச்சரவை புதிய பாலத்துக்கு ஒப்புதல் அளித்ததும் இந்நெருக்கடியை எண்ணியே.

மற்ற நான்கு இரவுகளும் மொகல்சராயில். ஒரு நாள் பிரயாகைக்குச் சென்று திரிவேணியில் நீராடித் திரும்பினோம். அது மேற்கே சுமார் 150 கிலோமீட்டர். ஊரில் பார்க்க அதிகமில்லை. எங்கும் இஞ்சின் ஒலி, பெரிய யார்டு, நிலையத்துக்கு எதிரே பூரிக் கடைகள். ஆயினும் 1904-இல் லால்பகதூர் சாஸ்திரி பிறந்த ஊர் இது. 1956-இல் நம் அரியலூரில் நேர்ந்த விபத்துக்குப் பொறுப்பேற்று இரயில்வே மந்திரி பதவியைத் துறந்தவர் அவர். மாலையில் மேம்பாலத்தில் நின்று யார்டைப் பார்த்தபோது இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். அரியலூர் எங்கே இருக்கிறது என்று இளையவள் கேட்டாள். அவள் அந்த ஊரைப் பார்த்ததில்லை.

வீடு திரும்பும் வழியில் கயை. மொகல்சராயிலிருந்து கிழக்கே சுமார் 200 கிலோமீட்டர். தன்பாத், கல்கத்தா செல்வோருக்கு நேர்வழி. ஆகவே அங்கே இறங்கிப் பிண்டம் இட்டுவிட்டு இரவு வண்டியைப் பிடித்தோம். வாடகையில் மீந்த தொகை கயைச் செலவுக்குச் சரியாயிற்று. இவ்வழியை மேற்கொள்ள விரும்பும் அன்பர்கள் மூட்டையைக் குறைத்துக்கொள்ளட்டும். மொகல்சராயின் நடைமேடைகள் நீளமானவை.