ஜோத்பூரா, பிகானேரா... இல்ல நம்ம திருச்செங்கோடா?

வேலையில இருந்து ஓய்வு பெற்ற மனுசன் எங்க போய் உக்காருவான்? காசி, ராமேஸ்வரம்னு சொன்ன காலமெல்லாம் போச்சு. இப்ப கோயமுத்தூர்ல பெரியவங்களுக்குன்னே கட்டின குடியிருப்பு, இல்லாட்டி பேரன் பேத்தி இருக்குற அமெரிக்கா. நம்ம கதை கொஞ்சம் கோக்குமாக்கு. ரெண்டு பாலைவன ஊருக்கு நடுவுல மாட்டிக்கிட்டு ஆறு மாசம் திருதிருன்னு முழிச்சேன்.

பாலைவனத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்னு முதல்ல சொல்லிடறேன். திருச்செங்கோடுன்னா வெளியூர்க்காரங்களுக்கு ரெண்டு விசயம்தான் ஞாபகம் வரும். ஒண்ணு அர்த்தநாரீஸ்வரர் மலை. இன்னொண்ணு ரிக் வண்டி. இந்தியாவுல எந்த மூலையில போர் போட்டாலும் பக்கத்துல போய் நம்பர் பிளேட்டைப் பாருங்க, டிஎன் 34னு இருந்தா அது நம்ம ஊரு வண்டி. அப்படி ஒரு வண்டியோட 2001ல ஜோத்பூர் போனவன் நான். ஓனர் இல்லீங்க, மேனேஜர். டீசல், பிட்டு, ஹேமர், ஆளுங்களுக்குச் சோறு, அடிக்கு இவ்வளவுன்னு லோக்கல் ஏஜென்ட்டுகிட்ட ரேட் பேசறது, இதுதான் நம்ம பொழப்பு. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ஊருக்கு வர்றதுன்னு போயி, திரும்பிப் பாத்தா இருபது வருசத்துக்கு மேல ஓடிப்போச்சு. பையன் அங்கயே படிச்சான். இப்ப பிகானேர் பக்கத்துல ஒரு சோலார் கம்பெனியில வேலை. மருமக, அஞ்சு வயசுப் பேரன் எல்லாம் பிகானேர்ல.

ஆக, கேள்வி இதுதான். நண்பர்கள் இருக்குற ஜோத்பூரா? பையன் இருக்குற பிகானேரா? ரெண்டுக்கும் நடுவுல சுமார் 250 கிலோமீட்டர்.

மேனேஜர் புத்தி போகுமா? ஒரு பழைய டீசல் கணக்கு நோட்டை எடுத்து நடுவுல கோடு போட்டேன்.

வெயில்: ரெண்டும் ரெண்டுதான். மே மாசம் 45 டிகிரி எல்லாம் சர்வசாதாரணம். ரெண்டு ஊருக்கும் பக்கத்துல இருக்குற பலோடியில 2016 மே 19ஆம் தேதி 51 டிகிரி அடிச்சது. குளிர்காலத்துல பிகானேர்தான் மோசம், ராத்திரியில எலும்பு வரைக்கும் போகும். ஜோத்பூருக்கு ஒரு பாயிண்ட்.

மழை: ஜோத்பூர்ல வருசத்துக்கு சுமார் 350 மில்லிமீட்டர், பிகானேர்ல அதுக்கும் கம்மி. நம்ம ஊர்ல 700ஐ ஒட்டி பெய்யும். அதையே வறட்சின்னு சொல்லிட்டு இருந்தோம் பாருங்க :-)

ஆஸ்பத்திரி: ஜோத்பூர்ல 2012ல இருந்து எய்ம்ஸ் இருக்கு. பிகானேர்லயும் பெரிய அரசு ஆஸ்பத்திரி இருக்கு, பஞ்சாப்ல இருந்தே கேன்சர் வைத்தியத்துக்கு ரயில் ஏறி வர்றாங்க. இருந்தாலும் எய்ம்ஸ் எய்ம்ஸ்தான். இன்னொரு பாயிண்ட்.

தண்ணி: இதுதான் வேடிக்கை. ரெண்டு ஊரும் குடிக்கிறது இந்திரா காந்தி கால்வாய்த் தண்ணி. பஞ்சாப்ல சட்லெஜும் பியாஸும் சேர்ற ஹரிகேயில இருந்து வருது. 1958ல வேலை ஆரம்பிச்ச கால்வாய், நீளம் 649 கிலோமீட்டர். வெயில் காலத்துல பராமரிப்புக்காக அடைச்சிடுவாங்க, 'நஹர்பந்தி'ன்னு பேரு. அப்ப ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில தண்ணி. ஆனா 1990கள்ல ஜோத்பூருக்குக் கால்வாய்த் தண்ணி வந்ததும் சனங்க பழைய படிக்கிணறு, குளத்தையெல்லாம் மறந்துட்டாங்க. யாரும் எடுக்காததால நிலத்தடி நீர் மேல ஏறி, பழைய நகரத்துல வீட்டு அடித்தளத்துல எல்லாம் தண்ணி ஊற ஆரம்பிச்சது. பாலைவனத்துல மோட்டார் வச்சு தண்ணியை வெளிய எறைக்கறாங்க சாமி!

இதைச் சொல்லும்போது ஒண்ணு உறுத்துது. 2016ல மழை பொய்ச்சுப் போச்சே, அதுக்கு அடுத்த வருசம் நம்ம காட்டுலயும் ஒரு போர் போட்டோம். சொந்தக் காடு, தெரிஞ்ச ரிக்கு. 1,150 அடி. வந்தது புழுதி. வெறும் வெள்ளைப் புழுதி. கம்ப்ரெசர் நின்னப்புறம் வந்த அமைதி இன்னும் காதுல இருக்கு. ஊரான் வீட்டுக்கெல்லாம் தண்ணி காமிச்சவன் அன்னிக்கு வேப்பமரத்தடியில தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தேன். திருச்செங்கோட்டுக்கு நோட்டுல நான் பத்தியே ஒதுக்காததுக்கு அதுதான் காரணம்.

நிற்க. கணக்குப்படி ஜோத்பூர்தான் ஜெயிச்சது. போன தை மாசம் ஒரு ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்டுக்கு ஒரு லட்ச ரூபா அட்வான்ஸும் குடுத்துட்டேன். தங்கமணிகிட்ட அப்புறமா சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். இங்கதான் மேட்டர் மாட்டுச்சு. ரசீதைப் பாத்துட்டாங்க.

சண்டை எல்லாம் போடலை. "சரிங்க"ன்னு ஒரே வார்த்தை. முப்பத்தஞ்சு வருசம் குடும்பம் நடத்தினவங்களுக்கு அந்த "சரிங்க" எவ்வளவு ஆபத்துன்னு தெரியும்.

வைகாசி விசாகத் தேருக்கு ஊருக்கு வந்தோம். கோயமுத்தூர்ல இருந்து ஹிசார் போற வாராந்திர வண்டி ஜோத்பூரையும் பிகானேரையும் தொட்டுட்டுத்தான் போகும், வர்றதும் அப்படித்தான். தேர் முடிஞ்ச மறுநாள் காலையில "மலைக்குப் படி வழியா போலாங்க"ன்னாங்க. மூட்டு வலி இருக்குறவங்க. வண்டியே மேல வரைக்கும் போகுதேன்னா கேக்கலை. மண்டபத்துக்கு மண்டபம் உக்காந்து உக்காந்து ஏறினோம்.

வழியில அறுபதாம்படி. வெளியூர்க்காரங்களுக்குச் சொல்றேன், அந்தக் காலத்துல கடன் தகராறு, பங்காளித் தகராறுன்னா இங்க கூட்டிட்டு வந்துதான் சத்தியம் வாங்குவாங்க. அந்தப் படியில நின்னா பொய் சொல்ல மாட்டாங்கன்னு நம்பிக்கை. அங்க நின்னு மூச்சு வாங்கிட்டு தங்கமணி கேட்டாங்க.

"இங்க நின்னு பொய் சொல்லக் கூடாதுங்க. ஜோத்பூர் வீடு யாருக்கு?"

நமக்குத்தான்னு சொல்ல வாயைத் தொறந்தேன். வரலை. எய்ம்ஸ், குளிரு, பாயிண்ட்டு எல்லாம் சொல்லிப் பாக்கலாம்னா அதுவும் வரலை. கடைசியில "எனக்குத்தான்"னேன். ஜோத்பூர்ல டீக்கடைக்குப் போனா இன்னிக்கும் "மேனேஜர் சாப்"னு எந்திரிச்சு நிப்பாங்க. பிகானேர்ல நான் யாரு? பையன் வீட்டுல பேப்பர் படிக்கிற பெருசு. பயம் அதுதான். சொல்லி முடிச்சதும் ரொம்ப நேரம் கீழ தெரியற ஊரையே பாத்துட்டு இருந்தோம்.

"நானும் சொல்லட்டுங்களா? பேரன் என்னைய 'தாதி'ங்கறான். நான் என்ன ஆஸ்பத்திரி தாதிங்களா? ஆத்தான்னு சொல்லுடான்னா சிரிக்கிறான். தண்ணின்னா தெரியலை, பானின்னாத்தான் தெரியுது. பையனும் மருமகளும் வேலைக்குப் போயிடறாங்க. நாம போய் பேசலைன்னா அவனுக்கு யாருங்க தமிழ் பேசுவா? அதுக்காக மருமக அடுப்படியில போய் நிக்கவும் எனக்கு இஷ்டமில்லைங்க. பக்கத்துத் தெருவுல சின்னதா வாடகைக்கு எடுங்க. நம்ம ஊரு வீட்டையும் விக்க வேண்டாம்."

நோட்டுல இந்தக் கணக்குக்கு எந்தப் பத்தியில இடம் இருக்கு? சொல்லுங்க பாப்போம்.

இதுல ஒரு சரித்திர விசயம் வேற. ஜோத்பூரை 1459ல உண்டாக்கினது ராவ் ஜோதா. அவரோட மகன் பிகா அப்பன் நிழல்ல இருக்க வேண்டாம்னு கிளம்பிப் போய் 1488ல உண்டாக்கினதுதான் பிகானேர். அப்பன் ஊருக்கும் மகன் ஊருக்கும் நடுவுல ராஜாக்களே அல்லாடியிருக்காங்க, நான் எம்மாத்திரம்.

அட்வான்ஸ்ல பாதிதான் திரும்பி வந்தது. மீதி ஐம்பதாயிரம், கேக்காம முடிவெடுத்ததுக்கு அபராதம்னு எழுதிட்டேன். பிகானேர்ல பையன் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு வீடு பாத்தாச்சு. ஐப்பசியில போறோம். வெயில் காலத்துக்குத் திருச்செங்கோடு. குடிதண்ணிக்குப் பஞ்சாயத்துக் குழாய் இருக்கு, வேப்பமரமும் இருக்கு.

தங்கமணி இப்பவே மூட்டை கட்ட ஆரம்பிச்சாச்சு. அரிசிம்பருப்புக்கு அரிசி, நாட்டுச் சர்க்கரை எல்லாம் கட்டியாச்சு. கம்பு மட்டும் வேண்டாம்னுட்டாங்க. அங்க பாஜ்ரான்னு மூட்டை மூட்டையா கிடைக்கும், சேம் கம்புதான். அவங்க ரொட்டி தட்டறாங்க, நாம கூழ் கரைக்கிறோம். பேரனுக்குக் கம்மங்கூழ் குடுத்து என்ன பேருன்னு கேக்கணுமாம்.

எனக்கு டீக்கடையை நினைச்சா இன்னும் கொஞ்சம் வயித்தைக் கலக்குது. நேத்து போன்ல பேரன்கிட்ட, "தாத்தா வர்றேன்டா"ன்னேன். "ஆவோ ஆவோ"ன்னான். "வாங்கன்னு சொல்லு"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "வாங்கோ"ன்னான்.

போதும், அங்கிருந்து ஆரம்பிச்சுக்கலாம்.

டிஸ்கி: வீடு வாங்கப் போற ரங்கமணிகளே, ரசீதை ஒளிச்சு வைக்க அரிசி டப்பா சரியான இடமில்லை. அனுபவம் பேசுது.