இறங்கி நடத்து

குதிரை ஏறப் பழகுகிறோம் என்று சொன்னதும் நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி, "எதுக்கு?" என்பதுதான். கார் ஓட்டப் பழகியபோது யாரும் அப்படிக் கேட்கவில்லை.

நாங்கள் மூன்று பேர். இருவர் சமூகப்பணியில் இருப்பவர்கள், முப்பதைத் தாண்டியவர்கள். மூன்றாமவள் கல்லூரி மாணவி. கீழக்குயில்குடிப் பக்கம் பந்தய வண்டிக் குதிரைகள் வளர்க்கும் ஒரு பெரியவரிடம் ஞாயிறுதோறும் போனோம். முதல் மாதம் முழுக்கத் தொடை வலிதான். நடைக்கும் பாய்ச்சலுக்கும் நடுவில் டிராட் என்று ஒரு ஓட்டம் இருக்கிறது. அதில் குதிரையின் தாளத்துக்கு அங்கவடியில் எழுந்து எழுந்து உட்கார வேண்டும். தாளம் தப்பினால் நம் முதுகும் போச்சு, அதன் முதுகும் போச்சு. பெரியவர் அதிகம் பேசமாட்டார். "வேர்வ சேணத்துக்குக் கீழ வழிஞ்சா எறங்கி நடத்து. அது ஒங்களச் சொமந்தது போதும்" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்.

ஆறு மாதம் கழித்து, குதிரை வைத்திருக்கும் சிலர் சேர்ந்து ஏற்பாடு செய்த 40 கி.மீ. நெடுந்தூரச் சவாரியில் சேர்ந்தோம். எண்டுரன்ஸ் என்கிற இந்த விளையாட்டு, நாம் நினைக்கும் குதிரைப் பந்தயம் அல்ல. கலிபோர்னியாவில் 1955இல் தொடங்கிய டெவிஸ் கோப்பைச் சவாரி ஒரே நாளில் 160 கி.மீ. போகும். முதலில் வந்து சேர்ந்தாலும் கால்நடை மருத்துவர் குதிரையைப் பார்த்து, நலமாக இருக்கிறது என்று சொன்னால்தான் வெற்றி. சும்மா நிற்கும் குதிரைக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. ஓடி வந்தபின், குறித்த நேரத்துக்குள் அது 64க்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அன்றைக்கு அதோடு சரி. அதனால் அனுபவசாலிகள் சோதனை இடத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே இறங்கி, சேணவாரைத் தளர்த்தி, குதிரையைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு வருவார்கள்.

புரட்டாசி வெயில் பொன்னுருகக் காயும் என்பார்கள். விடியுமுன் கிளம்பி, நாகமலையை ஒட்டி மேற்கே, கொங்கர்புளியங்குளத்தைத் தாண்டி, கண்மாய்க்கரைகளில் போனோம். எட்டு மணிக்கே கழுத்தைச் சுட்டது. 20ஆவது கிலோமீட்டரில் ஒரு தோப்பில் சோதனை. அதற்கு முந்தைய ஒரு கிலோமீட்டர், ஓர் ஊரின் பெரிய தெரு.

தெருமுனைப் புளியமரத்தடியில் நின்றோம். செவலைக் குதிரைக்கு வேர்வை வழிந்துகொண்டிருந்தது. அதன்மேல் இருந்தவர் ஒரு காலை அங்கவடியிலிருந்து எடுத்துவிட்டார். "எறங்காத" என்று இன்னொருவர் சொன்னார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் மூவரின் தாத்தாக்களும் இப்படி ஒரு தெருமுனையில் சைக்கிளிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர்கள். அவர்கள் கும்பிட்ட மதுரைவீரன் குதிரைமேல்தான் இருந்தான். சித்திரையில் அழகர் தங்கக்குதிரையில் ஆற்றில் இறங்குவதைக் கூட்டத்தில் நின்று பார்த்தார்கள். சாமி குதிரையேறலாம்.

இது பழங்கதை இல்லை. 2018 மார்ச்சில் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் 21 வயது தலித் இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். குதிரை வைத்திருந்ததும் அதில் சவாரி போனதும்தான் காரணம் என்று அவருடைய தந்தை புகார் கொடுத்தார். அந்தக் குதிரை, அவர் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியது. நம் மாவட்டத்தில் உத்தபுரம் சுவரின் ஒரு பகுதியை இடிக்க 2008 மே 6 வரை ஆனது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம், நாம் சைக்கிள் ஓட்டுவதை, செருப்புப் போடுவதை, கல்யாண ஊர்வலத்தில் குதிரையேறுவதைத் தடுப்பது குற்றம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. இதையெல்லாம் தனித்தனியாகச் சட்டத்தில் எழுதவேண்டி வந்த நாடு இது. (கல்யாணம் இல்லாமல் சும்மா குதிரையில் போகிறவர்களைச் சட்டம் எழுதியவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை போலும்.)

இறங்காமல் போனோம். சாவடியில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். "எந்த ஊரு தம்பி?" "மதுரை." "மதுரைல எங்க? யாரு வீட்டுப் பிள்ளைக?" அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாணவி பேர் சொல்லி, எந்தத் தெரு என்றும் சொன்னாள். ஒருவர் சிரித்தார். வேறொன்றும் நடக்கவில்லை. புகார் எழுத ஒரு வரிகூட இல்லை. எங்களுக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது.

தோப்பில் மற்ற இரண்டு குதிரைகளுக்கும் பத்து நிமிடத்தில் துடிப்பு இறங்கிவிட்டது. செவலைக்கு 76. இருபது நிமிடம் கழித்தும் 72. மருத்துவர் கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டார். மடிப்பு மெல்லத்தான் படிந்தது. "தண்ணி வத்தியிருக்கு. இன்னைக்கு இது போதும்."

பெரியவர் எங்களைப் பார்த்தார். "கடைசில எறங்கி நடத்தலயா?"

ஏன் நடத்தவில்லை என்று சொன்னோம். அவர் என்ன சாதி என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் கேட்டதில்லை. கேட்காமலே இரண்டு பக்கமும் தெரியும். அவர் பதில் பேசவில்லை. வாளியில் தண்ணீர் மொண்டு செவலையின் கழுத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தார். அந்தத் தெருவில் நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தோம். அதற்கு விலை கொடுத்தது வாய் பேசாத ஒரு ஜீவன். இந்த உறுத்தல் இன்னும் போகவில்லை. இறங்கியிருந்தாலும் வேறோர் உறுத்தல் இருந்திருக்கும்.

செவலை குட்டியானையில் வீடு திரும்பியது. மற்ற இரண்டும் சவாரியை முடித்தன.

சாயங்காலம் லாயத்தில் வாக்குவாதம். அடுத்த சவாரி தையில், அதே பாதையில். ஊருக்கு முந்தின கண்மாய்க்கரையிலேயே இறங்கி ஒரு கிலோமீட்டர் நடத்துவோம், ஊர் எல்லையில் ஏறிக்கொண்டு தெருவை மெதுநடையில் கடப்போம், குதிரைக்கும் இளைப்பாறல் ஆச்சு என்று ஒருவர் யோசனை சொன்னார். நல்ல யோசனைதான் என்று பட்டது.

"அப்பவும் அந்தத் தெருவுக்காகத்தானண்ணே நம்ம நடைய மாத்துறோம்?" என்றாள் மாணவி.

ஊறவைத்த கொள்ளு தயாராக இருந்தது. செவலைக்கு வைக்க எழுந்து போனோம்.