மூன்று நாட்டுப் பாலத்தில் ஒரு சிம்

ரைன் நதியின் மேல், நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்றே ஒரு பாலம் இருக்கிறது. 2007இல் திறந்தார்கள், நீளம் 248 மீட்டர். இந்தக் கரை ஜெர்மனியின் வைல் ஆம் ரைன், அந்தக் கரை பிரான்ஸ். ஆனால் பெயர் ‘மூன்று நாட்டுப் பாலம்’. மூன்றாவது நாடான சுவிட்சர்லாந்து, பாசல் நகரத் துறைமுகமாகச் சில நூறு மீட்டரில் தொடங்கிவிடுகிறது.

“அண்ணை, போனை ஓட்டோமட்டிக்கில விடாதேங்கோ. சுவிஸ் ரவர் பிடிச்சிடும்” என்றார் அழைத்துப்போன நண்பர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்த ஊரில் குடியிருப்பவர். எல்லை தாண்டிப் பாசலுக்கு வேலைக்குப் போகிறவர்.

என்னிடம் இருந்தது பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கிய ஜெர்மன் ப்ரீபெய்ட் சிம். பிரான்சிலும் அதைக் கூடுதல் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாததால் அங்கே அந்தச் சலுகை செல்லாது. சில நிறுவனங்கள் தாமாகவே சுவிஸையும் திட்டத்தில் சேர்க்கின்றன. என் திட்டத்தில் இல்லை.

ஒவ்வொரு செல்போன் கோபுரமும் தன் நாட்டு எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது: ஜெர்மனிக்கு 262, பிரான்சுக்கு 208, சுவிஸுக்கு 228. நம் இந்திய சிம்களுக்குள் 404 அல்லது 405 இருக்கும். கோபுரத்தின் நாடும் சிம்மின் நாடும் வேறானால் அது ரோமிங். நாம் எந்த மண்ணில் நிற்கிறோம் என்பது கணக்கில் வராது. சுவிஸில் கால் வைக்காமலே சுவிஸ் கட்டணம் விழுவது இப்படித்தான். ரோமிங்கையே அணைத்துவிட்டால் பிரான்சிலும் டேட்டா கிடைக்காது. அதனால் பாலத்தின் நடுவில் நெட்வொர்க் பட்டியலைத் திறந்து, பிரெஞ்சு நிறுவனம் ஒன்றை நானே தேர்ந்தெடுத்துவிட்டு நடந்தேன்.

கட்டணம் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது? நாம் பயன்படுத்திய நிமிடமும் டேட்டாவும் அந்நாட்டு நிறுவனத்தின் கணக்கிலிருந்து நம் நிறுவனத்துக்குப் போகின்றன. இருவரும் பேசி முடித்த மொத்த விலையை நம் நிறுவனம் கொடுக்கிறது. பிறகு தன் விலையை வைத்து நம்மிடம் வாங்குகிறது. தூரம் இதில் பெரிய விஷயமே இல்லை. லக்சம்பர்க்கைச் சேர்ந்த விவியன் ரெடிங் ஐரோப்பிய ஆணையராக இருந்தபோது, 2007இல், முதன்முதலாக ரோமிங் கட்டணத்துக்கு உச்சவரம்பு வந்தது: வெளியே பேச நிமிடத்துக்கு 49 சென்ட், வரும் அழைப்புக்கு 24 சென்ட், வரி தனி. 2017 ஜூன் 15 முதல் ஒன்றியத்துக்குள் கூடுதல் கட்டணமே இல்லை. அந்த ஏற்பாட்டை 2032 வரை நீட்டித்திருக்கிறார்கள். நிறுவனங்களுக்கிடையிலான டேட்டா விலைக்கும் வரம்பு உண்டு. 2022இல் ஒரு ஜிபிக்கு 2 யூரோ, 2027இல் 1 யூரோ. அரசுகள் சேர்ந்து உட்கார்ந்து பேசினால் இந்த விலையைக் கீழே கொண்டுவர முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நார்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைனும் இந்த ஏற்பாட்டுக்குள் அடக்கம். கடலில் கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க் மட்டும் எந்த நாட்டுக் கணக்கிலும் சேராது. கப்பலேறினால் ஏரோப்ளேன் மோடுதான் பாதுகாப்பு.

இந்திய எண்ணுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெற்றோரை நினைத்தால்தான் எனக்குக் கவலை. சென்னையிலிருந்து ஒருவர் அவர்களை அழைத்தால், அவருக்கு அது உள்ளூர் அழைப்பு. அங்கிருந்து ஐரோப்பா வரைக்குமான செலவு எடுத்துப் பேசுகிறவர் தலையில். கடன் வேண்டுமா என்று கேட்கிற அழைப்பும் அதில் அடக்கம். ஆனால் வங்கியின் ஓடிபி வர அந்த எண்ணும் உயிரோடு இருக்க வேண்டும். ஆகவே கிளம்பும் முன்பே இந்திய சிம்மில் வெளிநாட்டு ரோமிங்கை இயக்கி, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிட வேண்டும். டேட்டா நின்றாலும் குறுஞ்செய்தி வரும். இணையத்துக்கு அந்நாட்டு சிம் அல்லது இ-சிம். வீட்டாரோடு பேச்சு வாட்ஸ்அப்பில். அப்பா அம்மாவுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கிற பிள்ளைகள், விமானமேறும் முன்பே அவர்கள் போனை வாங்கி இதையும் செய்து கொடுத்துவிடுங்கள்.