வெட்டுப்பட்ட அலையின் ஓசை

எலக்ட்ரானிக்ஸ் படித்த எவரும் ஆய்வகத்தில் 'கிளிப்பர்' சோதனையைச் செய்திருப்பார்கள். ஒரு ரெசிஸ்டர், ஒரு டயோடு, அவ்வளவுதான். ஃபங்ஷன் ஜெனரேட்டரிலிருந்து சைன் அலையைக் கொடுத்தால், சிஆர்ஓ திரையில் அலையின் தலை சீவப்பட்டுத் தட்டையாகத் தெரியும். அதை கிராஃப் தாளில் வரைந்து ரெக்கார்டு நோட்டில் ஒட்டிக் கையெழுத்து வாங்கினால் வேலை முடிந்தது. அந்தத் தட்டை அலைக்கு ஓர் ஓசை உண்டு என்பதையோ, உலகம் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஓசையைக் காசு கொடுத்து வாங்கி வருகிறது என்பதையோ யாரும் சொல்வதில்லை. திண்டிவனத்து மாணவர் ஒருவர் அதைத் தானாகவே உணர்ந்து, கிதாரின் அலையை இப்படி வெட்டித் தரும், காலால் மிதிக்கும் டிஸ்டார்ஷன் பெடல் செய்வதைத் தன் ப்ராஜெக்டாக எடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு விழுப்புரம் போனேன்.

திண்டிவனத்து மாணவரைப் பார்க்க விழுப்புரம் போகக் காரணம், அவருடைய ஆசிரியர் அங்கே இருந்ததுதான். கல்லூரி ஆசிரியர் அல்ல, மைக் செட் மெக்கானிக். இந்தப் பக்கத்தில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகளே காகுப்பத்தில் ஒன்றும் மேல்பாக்கத்தில் ஒன்றும் இருக்கின்றன. ஆனால் பழுதான ஆம்ப்ளிஃபயரின் வயிற்றைத் திறந்து வைத்து, எந்தப் பாகம் செத்தால் எந்தச் சத்தம் கெடும் என்று காட்டும் மேசை மைக் செட் கடையில்தான் கிடைக்கிறது.

ரயிலடிப் பக்கம் சின்னக் கடை. சுவரெல்லாம் குழாய் ஸ்பீக்கர்கள், அஹுஜா ஆம்ப்ளிஃபயர்களின் கூடுகள். தெருக்கூத்து, ஆடி மாதத்துக் கூழ் வார்ப்பு, கல்யாணம், சாவு என்று எல்லாவற்றுக்கும் செட் இங்கிருந்து போகிறது, இங்கேயே பழுதாகித் திரும்பி வருகிறது. அறுபதை நெருங்கும் அந்த மெக்கானிக் சொன்னார்: "சார், இத்தினி வருசமா கரகரன்னு கேக்குதுன்னு தூக்கினு வர்ற செட்டத்தான் சரி பண்ணிக் குடுத்துனு இருக்கேன். இந்தத் தம்பி என்னான்னா, கரகரன்னு வர மாதிரி பண்ணணும்னு வந்து நிக்கிறான்."

சொல்லிவிட்டு மாணவரை வெறுங்கையோடு அனுப்பிவிடவில்லை. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தார்.

சர்க்யூட் எளிமையானது. கிதாரின் பிக்கப், காந்தத்தைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். தந்தி அதிர்ந்தால் அதில் ஏறக்குறைய 100 மில்லிவோல்ட் பிறக்கும். அதை 741 என்ற ஆப்-ஆம்ப் ஐசி பெருக்குகிறது. 1968-இல் ஃபேர்சைல்டு நிறுவனம் கொண்டுவந்த இந்த ஐசி இன்றும் எல்லா ஆய்வகங்களிலும் கிடக்கிறது. 1970களில் அமெரிக்காவின் எம்எக்ஸ்ஆர் விற்ற 'டிஸ்டார்ஷன் ப்ளஸ்' பெட்டிக்குள் இருந்ததும் இதே 741தான். ஒரு மெகா ஓம் ரெசிஸ்டரும் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் சேர்ந்து பெருக்கத்தை 213 மடங்கு வரை ஏற்றுகின்றன. 100 மில்லிவோல்ட் அப்படிப் பெருகினால் 21 வோல்ட்டைத் தாண்ட வேண்டும். பேட்டரியோ 9 வோல்ட். ஐசி முட்டி நிற்கும். அதற்கப்புறம் எதிரெதிர்த் திசையில் வைத்த இரண்டு 1என்4148 டயோடுகள், 0.6 வோல்ட்டுக்கு மேல் எழும் எதையும் எர்த்துக்கு இறக்கிவிடுகின்றன. ஆய்வகத்துக் கிளிப்பரேதான்.

மாணவரைத் திணறடித்தது வேறு. ஆய்வகத்தில் 741-க்குப் பிளஸ் 12, மைனஸ் 12 என்று இரட்டை சப்ளை கொடுப்பார்கள். பெடலில் ஒற்றை பேட்டரி. மெக்கானிக் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார்: ஒரே மதிப்புள்ள இரண்டு ரெசிஸ்டர்களை பேட்டரிக்குக் குறுக்கே வரிசையாகப் போட்டால் நடுவில் 4.5 வோல்ட். அந்த நடுப்புள்ளியை ஐசி பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும், அலை அதற்கு மேலும் கீழும் ஆடும். அவர் ஆப்-ஆம்ப் பாடம் படித்தவர் அல்லர். ஒற்றை சப்ளையில் ஓடும் கேசட் டெக்குகளைத் திறந்து திறந்து அறிந்தது.

அவருடைய இழுப்பறையில் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களிலிருந்து கழற்றிய ஏசி128 ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் கிடந்தன. 1966-இல் இங்கிலாந்தில் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட, ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மிதித்த 'ஃபஸ் ஃபேஸ்' பெடல்களை இந்த ரகத்தைப் போட்டும் செய்திருக்கிறார்கள். மாணவர் உடனே ஒன்றை பிரெட்போர்டில் கட்டிப் பார்த்தார். காலையில் உருண்டு திரண்ட சத்தம். பிற்பகலில் அதே தந்தி, அதே மிதி, சத்தம் மட்டும் திக்கித் திக்கி வந்தது. ஜெர்மானியத்தில் வெப்பம் சுமார் 10 டிகிரி ஏறினால் கசிவு மின்னோட்டம் இரண்டு மடங்காகும். தகரக் கூரைக்குக் கீழே விழுப்புரத்து மே மாதம் அதற்கு ஆகாது. சிலிக்கானுக்கே திரும்பினார்கள். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கும் வெப்பக் கசிவைக் காதால் கேட்ட மாணவர் அதை இனி மறக்கப்போவதில்லை.

சால்டரிங்கில்தான் அதிக நேரம் போனது. "ஈயத்த மொனையில தடவி எடுத்தாந்து ஒட்டாத தம்பி. கால சூடு பண்ணு, ஈயம் தானா ஓடி உக்காரும்." அயர்ன் முனை ஐசி சாக்கெட்டின் காலையும் போர்டின் செம்பையும் சேர்த்துத் தொட, மறுபக்கத்திலிருந்து ஈயம் வர வேண்டும். பளபளவென்று சரிந்து இறங்கினால் சரி. மங்கலாக உருண்டு நின்றால் டிரை சால்டர். இன்று வேலை செய்யும், திருவிழா மேடையில் கைவிடும். அவர் ஒவ்வொரு பற்றையும் பல்குத்தும் குச்சியால் தட்டிப் பார்த்தார். மாணவர் முகம் சுளிக்காமல் பலவற்றை உறிஞ்சி எடுத்து மறுபடி வைத்தார். "சரிணா" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு சொல் வரவில்லை.

பெட்டிக்கு, சுவரில் சுவிட்ச் பதிக்க எலக்ட்ரிக்கல் கடையில் விற்கும் மெட்டல் பாக்ஸ். இரும்புப் பெட்டியை எர்த்தோடு சேர்த்துவிட்டால் 50 ஹெர்ட்ஸ் ஹம் உள்ளே புகாது. பேட்டரியை அணைக்கத் தனி சுவிட்ச் இல்லை. கிதார் வயர் செருகும் இடத்தில் ஸ்டீரியோ ஜாக்கைப் போட்டு, பேட்டரியின் மைனஸை அதன் நடு வளையத்தில் கட்டிவிட்டார் மாணவர். மோனோ பின்னைச் செருகினால் அதன் உடம்பு வளையத்தையும் எர்த்தையும் இணைக்கும், பெடல் உயிர் பெறும். உருவினால் அணையும். பெடல் தொழிலில் இது பழைய உத்திதான். இருந்தாலும் அந்த மெக்கானிக் அதைப் பார்த்துத் தலையாட்டியபோது ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரருக்குத் தரும் மரியாதை தெரிந்தது.

வேலைக்கிடையில் மாணவர் ஒரு வரலாற்றைச் சொன்னார். 1961-இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் பாட்டு ஒன்றில் கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிதார், நாஷ்வில் ஸ்டுடியோ மிக்சரின் பழுதான ஒரு சேனல் வழியாகப் போய்க் கிழிந்த ஓசையாகப் பதிவானது. அதை அழிக்காமல் விட்டார்கள். ஒலிப்பதிவாளர் க்ளென் ஸ்னாடி அந்தப் பழுதை டிரான்சிஸ்டர்களால் திரும்பச் செய்யும் சர்க்யூட் ஒன்றை அமைக்க, கிப்சன் நிறுவனம் 1962-இல் அதை 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்று விற்றது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் அதை மிதித்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது. மெக்கானிக் அயர்னை ஸ்டாண்டில் வைத்துவிட்டுக் கேட்டார்: "அந்த மிக்சர அன்னிக்கே ஒருத்தன் ரிப்பேர் பண்ணியிருந்தா?"

நம் காதுக்கும் இந்தக் கிழிந்த ஓசை அந்நியமில்லை. தம்புராவின் குதிரையில் தந்திக்கடியில் ஜீவா நூலைச் செருகி நகர்த்துவது, சுத்தமான ஒலியைக் கலைத்து மேல்சுரங்களை எழுப்பத்தானே? டயோடும் அதையே செய்கிறது. 110 ஹெர்ட்ஸ் தந்தியின் அலையை இருபுறமும் சமமாக வெட்டினால் 330, 550, 770 என்று ஒற்றைப்படை மடங்குகள் பிறக்கும். ஒரு பக்கம் அதிகமாக வெட்டினால் இரட்டைப்படைகளும் சேரும். இரண்டு சுரங்களை ஒன்றாக மீட்டினால் அவற்றின் கூட்டலும் கழித்தலும்கூடப் புதுச் சுரங்களாக வந்துவிடும். சட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்தால் அந்தப் புதுச் சுரங்கள் பொருந்தி நிற்கின்றன. ராக் கிதார்காரர்கள் இந்த இரண்டையே அழுத்தி வாசிப்பது அதனால்தான்.

ஊரெங்கும் ப்ராஜெக்ட் சென்டர்களில் ரெடிமேடாக வாங்கிய பெட்டிகள் இறுதியாண்டு வைவாவுக்கு வந்து நிற்கின்றன. அதைப் பார்த்து எனக்கு வருத்தமும் கோபமும் உண்டு. நான்கு வருடம் படித்த பிள்ளை, தன் பெயர் போட்ட பெட்டியைத் திறக்கப் பயப்படுகிறது. இந்த மாணவரிடம் எந்த கண்டென்சரைக் காட்டிக் கேட்டாலும், அதைக் கழற்றினால் சத்தம் எப்படி மாறும் என்று வாயாலேயே பாடிக் காட்டுவார்.

விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் வழியாக ரயிலில் திண்டிவனம் போய், மாணவரின் நண்பர் வீட்டுக் கூடத்தில் பெடலைச் சோதித்தார்கள். அங்கே கிதார் ஆம்ப்ளிஃபயர் ஏது? மைக் செட் மிக்சரில்தான் செருக வேண்டும். முதல் மீட்டலிலேயே காதைக் கீறும் இரைச்சல். கிதாருக்கென்று செய்த ஸ்பீக்கர்கள் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் தாமாகவே அடங்கிவிடும். மேலைநாட்டுப் பெடல்களின் வரைபடங்கள் அந்த ஸ்பீக்கரை நம்பிப் போட்டவை. நம் மேடை ஸ்பீக்கரோ எல்லாவற்றையும் அப்படியே கொட்டும். மெக்கானிக்குக்கு போன் போட்டார் மாணவர். "கடேசில ஒரு பத்து கே, எர்த்துக்கு ஒரு 332 கண்டென்சர் போட்டுப் பாரு." கணக்குப் போட்டால் 4,800 ஹெர்ட்ஸை ஒட்டி வருகிறது. போட்டார்கள். இரைச்சல் போய், தந்தி நீண்டு முழங்கியது.

இப்போது இரண்டாவது பெட்டி தயாராகிறது, விழுப்புரத்து ஆர்கெஸ்ட்ரா கிதார்காரர் ஒருவருக்கு. அவர் பேட்டரி வேண்டாம், அடாப்டர் வையுங்கள் என்கிறார். மாணவருக்கும் அதில் ஆசை. மெக்கானிக் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஜெனரேட்டர் கரண்டும் சீரியல் செட்டும் ஓடும் மைதானத்தில் மட்டமான அடாப்டர் என்ன ஹம் கொண்டுவரும் என்பது அவருக்குத் தெரியும். "இந்த வருசத் திருவிழா பேட்டரியில போவட்டும். அடாப்டருக்கு நல்ல ஃபில்டர் நான் கட்டித் தரேன், அப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.