அந்தக் கிழவி இருக்கும்போதே வா

செம்போர்னா, சபா

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பாதியில் விட்ட விஷயத்தை எழுதுகிறேன். பேசினால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

மீன் சந்தையில் ஐஸ் பெட்டி தள்ளுகிற பையன் ஒருவன். பத்து வயதிருக்கும். சரியாக எத்தனை என்று அவனுக்கே தெரியாது. பஜாவ் லாவுட், கடலிலேயே பிறந்து வளர்கிற ஜனம். பிறப்புப் பத்திரம் அவனுக்கும் இல்லை, அவன் அப்பாவுக்கும் இல்லை. அதனால் அரசுப் பள்ளியிலும் இடமில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு வந்துவிடுகிறான். விரலிடுக்கெல்லாம் உப்புத் தண்ணீரில் வெளுத்து வெடித்திருக்கிறது. முதலாளி ஒரு மாதக் கூலி பாக்கி வைத்திருக்கிறார். "கேளேன்டா" என்றேன். "கேட்டால் போலீஸைக் கூப்பிடுவாராம்" என்றான். அவனைக் கட்டிப்போட அந்த ஒரு வார்த்தை போதும். அவன் கூட்டாளிகள் பசி தெரியாமலிருக்கப் பிளாஸ்டிக் பையில் பசை ஊற்றி முகர்கிறார்கள்.

2024 ஜூனில் இங்கே துன் சக்காரான் கடல் பூங்காவில் அதிகாரிகள் இந்த ஜனங்களின் வீடுகளை இடித்தார்களே, நினைவிருக்கிறதா? வீடு போனால் பிள்ளைகளுக்குத் தெருதானே.

நம் பாட்டி கடைசிவரை குடியுரிமை கிடைக்காமல், நிரந்தரவாசிக்குத் தரும் சிவப்பு ஐசியோடு இருந்து செத்தாள். குடியுரிமைக் காகிதம் இல்லாதவர்களின் பயம் நமக்குப் புதிதா?

நீ வக்கீல். 2007ஆம் வருட மனிதக் கடத்தல் எதிர்ப்புச் சட்டத்தில், பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் மிரட்டியதை நிரூபிக்க வேண்டியதில்லை. ஆவணமில்லாமல் இருந்ததற்காகப் பாதிக்கப்பட்டவர்மீது வழக்குப் போடவும் கூடாது என்கிறார்கள். அது இவனுக்குப் பொருந்துமா என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் இவன் பிள்ளைதான் என்பதற்கே சாட்சிக் காகிதம் இல்லையே! குழந்தை உரிமை உடன்படிக்கையில் 1995இல் சேர்ந்த நம் அரசு, பெயரும் குடியுரிமையும் பற்றிய 7ஆம் பிரிவை ஏற்காமல் ஒதுக்கிவைத்தது. இன்றும் அப்படியே கிடக்கிறது. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறப்புப் பத்திரம் கிடைத்தால் மட்டும் குடியுரிமை வந்துவிடாது, தெரியும். இன்னார் மகன், இத்தனை வயது என்றாவது அது சொல்லும்.

டிசம்பர் விடுமுறைக்கு வேறெங்கும் போகாதே. தாவாவ் வரை விமானத்தில் வா, நான் காரோடு நிற்கிறேன். இவனுக்குப் பிரசவம் பார்த்த கிழவி இன்னும் உயிரோடு இருக்கிறாள், நினைவும் தெளிவாக இருக்கிறது. ஆனால் நடமாட்டம் குறைந்துவிட்டது. இவன் பிறப்பைப் பதிய, அவள் இருக்கும்போதே வாக்குமூலம் வாங்கிவிட வேண்டும்.

அன்புடன்,
அக்கா