ஆலோசகரின் அமானிதம்

1928இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து காசநோயாளருக்காக நிறுவியது தாம்பரம் சானடோரியம். இன்று அரசு மருத்துவமனையாக விளங்கும் அங்கே எச்.ஐ.வி. தொற்றியோருக்கும் சிகிச்சை அளிக்கப்படுகிறது. 2004இல் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கப்பெற்ற முதல் மையங்களுள் அதுவும் ஒன்று.

இத்தகைய மையமொன்றில் ஆலோசகராகச் சேரவிருந்த என் பழைய மாணவி, "உஸ்தாத், தகாத உறவால் நோயுற்றவரிடம் அதன் பாவத்தைச் சொல்லாதிருப்பது ஈமானுக்கு இழுக்கல்லவா?" என வினவினார்.

நான் கூறியது இது: ஹராம் என்றும் ஹராமே, அதில் விட்டுக்கொடுக்க ஏதுமில்லை. ஆயினும் வருபவரை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் பொறுப்பு ஆலோசகருக்குத் தரப்படவில்லை. கணவரால் தொற்றுக்குள்ளான இல்லாளும், தாயிடமிருந்து நோயைப் பெற்ற குழந்தையும் அதே வரிசையில்தான் அமர்ந்திருக்கின்றனர். கடிந்துரைத்தால் நோயாளி மறுமுறை வாரார்; நாள்தோறும் உட்கொள்ள வேண்டிய மருந்து நின்றால் உயிருக்கே ஆபத்து.

அவர் கூறும் இரகசியம் அமானிதம். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டமும் அதைக் காக்கச் சொல்கிறது. வாழ்க்கைத் துணைக்கு ஆபத்தெனில் முதலில் அவரையே சொல்லத் தூண்ட வேண்டும். அவர் மறுத்தால், அவருக்கு அறிவித்துவிட்டுத் துணையிடம் தெரிவிக்கவும் சட்டம் வழி வைத்திருக்கிறது.

முஸ்லிம் நோயாளி ஒருவர் தாமே தவ்பாவைப் பற்றிக் கேட்டால் ஆலிமிடம் அனுப்பலாம். கேளாதவருக்காகத் தனிமையில் துஆச் செய்வதை எந்தச் சட்டமும் தடுக்காது.