சுண்ணாம்பு மட்டை யார் கையில்?

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்கு முந்தைய நாளே அம்மாவும் நானும் அப்பாவின் கல்லறைக்குப் போய்விடுவோம். புல்லைப் பிடுங்கி, கழுவி, சுண்ணாம்பு அடிப்போம். சுற்றிலும் அதே வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான்.

மத்தேயு நற்செய்தியின் 23ஆம் அதிகாரத்தில் இயேசு பரிசேயரையும் மறைநூல் அறிஞரையும் வெள்ளையடித்த கல்லறைகளோடு ஒப்பிடுகிறார். வெளியே அழகு, உள்ளே எலும்பும் அழுக்கும். வெளிவேடத்துக்கான உவமையாக இதை மறையுரைகளில் கேட்டே வளர்ந்தேன். ஆனால் அக்கால யூதர்கள் கல்லறைகளுக்கு வெள்ளையடித்தது அழகுக்காக அல்ல என்று பிறகுதான் படித்தேன். பாஸ்கா காலத்தில் வழிப்போக்கர்கள் தெரியாமல் மிதித்துத் தீட்டுப்பட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அடித்தார்கள். அந்த வெள்ளை ஓர் எச்சரிக்கை. எச்சரிக்க வேண்டிய வெள்ளை, மறைக்கப் பயன்படும்போது வெளிவேடமாகிறது.

கல்லூரியில் நான் நடத்தும் ஜோசப் கான்ராடின் 'ஹார்ட் ஆஃப் டார்க்னெஸ்' நாவலில் இந்த உவமை வருகிறது. 1899இல் தொடராக வெளிவந்த கதை அது. கதைசொல்லி மார்லோவுக்கு, தன்னை வேலைக்கு அமர்த்திய வணிக நிறுவனம் இருக்கும் ஐரோப்பிய நகரம் வெள்ளையடித்த கல்லறையாகத் தோன்றுகிறது. நகரத்தின் பெயரை அவன் சொல்வதில்லை. பிரஸ்ஸல்ஸ் என்று வாசகர்களுக்குத் தெரியும். அந்த நகரத்தின் வெள்ளைக்கு உள்ளே இருந்தது காங்கோ. 1885 முதல் 1908 வரை அந்த நாடு அரசர் இரண்டாம் லியோபோல்டின் சொந்தச் சொத்து. நாகரிகம் பரப்புகிறோம் என்று ஐரோப்பாவில் பேசினார்கள். அங்கே, ஆண்கள் ரப்பர் கொண்டுவரும்வரை அவர்களுடைய மனைவிகளைப் பிணையாக அடைத்து வைத்தார்கள்.

கதையின் கடைசியில் மார்லோ, இறந்துபோன கர்ட்ஸுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணைப் பார்க்கப் போகிறான். அவள் இன்னும் துக்க உடையில் இருக்கிறாள். அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்கிறாள். கர்ட்ஸ் சொன்னது, தான் கண்டதையும் செய்ததையும் எண்ணிய திகிலின் சொல். மார்லோவோ, உன் பெயரைத்தான் சொன்னார் என்கிறான். பொய் தனக்கு அருவருப்பு என்று முன்பே சொன்னவன் அவன். கதை முழுவதும் அந்தப் பெண்ணுக்குப் பெயரே இல்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "மேம், அந்தப் பொய் யாரைக் காப்பாத்துது? அவளையா, கர்ட்ஸையா?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதே மாதிரி ஒரு பொய்யை நானும் சொல்லியிருந்தேன்.

அப்பா இறந்த பிறகு அவருடைய பெட்டியில் ஓர் அடகுச் சீட்டு கிடைத்தது. அம்மாவின் நகைகள். கூடவே இருந்த கடிதங்களில், பணம் வேறோர் ஊரில் இருந்த வேறொரு வீட்டுக்குப் போனது தெரிந்தது. அப்போது அம்மா அறைக்குள் வந்து, "என்னடி அது?" என்றாள். "என் காலேஜ் பீஸுக்காக வெச்சிருக்காங்கம்மா" என்றேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. அவள் தாங்கமாட்டாள் என்று நானே முடிவு செய்திருந்தேன். பெண்களிடம் உண்மையை மறைப்பவர்கள் எல்லோரும் சொல்லும் காரணம் அதுதான்.

மாணவி கேட்ட அன்று மாலை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உன் பீஸை நான்தான்டி கட்டினேன், சீட்டுப் பணம் எடுத்து. எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏம்மா அன்னிக்கு ஒண்ணும் கேக்கல?"

"உனக்காவது உங்க அப்பா நல்லவரா இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

எனக்காக அவளும் அவளுக்காக நானும் பதினோரு வருடம் மாறி மாறிச் சுண்ணாம்பு அடித்திருக்கிறோம். காப்பாற்றப்பட்டது அப்பா ஒருவர்தான். அவர் செய்தது துரோகம். அதை நாங்கள் இருவரும் அன்பின் பெயரால் பூசி மெழுகினோம். அந்த மாணவியின் கேள்விக்குப் பதில் இதுதான் என்று மறுநாள் வகுப்பில் சொன்னேன். என் வீட்டுக் கதையைச் சொல்லவில்லை. இங்கேதான் முதன்முதலாக எழுதுகிறேன்.

வகுப்பில் இப்போது இன்னொரு பெண்ணையும் அறிமுகப்படுத்துகிறேன். ஆலிஸ் சீலி ஹாரிஸ், காங்கோவில் இருந்த ஆங்கிலேய மறைப்பணியாளர். 1904இல் ன்சாலா என்ற தகப்பன், வெட்டப்பட்ட தன் சிறுமகளின் கையையும் காலையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததைப் படம் எடுத்தார். அந்தப் படங்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கூட்டங்களில் காட்டப்பட்டன. கதையில் வரும் ஐரோப்பியப் பெண் தாங்கமாட்டாள் என்று மார்லோ மறைத்ததை, நிஜத்தில் ஒரு பெண் நேரில் பார்த்து ஊருக்கெல்லாம் காட்டினார்.

போன வருடம் என் தங்கை மகளும் எங்களோடு கல்லறைக்கு வந்தாள். கல்யாணப் பேச்சு நடக்கும் வயது. "தாத்தா எப்படி, பாட்டி?" என்று கேட்டாள். அம்மா மட்டையை வாளியில் வைத்துவிட்டு, "நல்லாப் பாடுவாரு. என் நகையை எல்லாம் என்கிட்டச் சொல்லாம அடகு வெச்சாரு. உன் பேர்ல இருக்கறதை நீயே பாத்துக்கணும், கண்ணு" என்றாள். பிறகு மீதிப் பக்கத்துக்கும் வெள்ளை அடித்து முடித்தாள்.